கணினிக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றன்: உளவு மென்பொருளை இனங்காண்போம், தவிர்ப்போம், அகற்றுவோம்

நமது வீடுகளில் உள்ள ஒரு சாதாரண மடிக்கணினிக்குள் என்னவெல்லாம் இருக்கின்றன என்று எப்போதாவது யோசித்திருக்கின்றோமா? பிள்ளையின் உயர்தரப் பாடக் குறிப்புகள், வளைகுடா நாடொன்றில் தொழில் புரியும் தந்தையின் கடவுச்சீட்டுப் பிரதி, தேசிய அடையாள அட்டையின் ஸ்கான், காணி உறுதி, திருமணப் பதிவுச் சான்றிதழ், குடும்பப் பெண்களின் புகைப்படங்கள், வங்கிக் கணக்கு விபரங்கள். கணினிக்குச் சொந்தக்காரர் ஆசிரியர் எனில் மாணவர்களின் புள்ளிப் பட்டியலும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் அதில் இருக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவர் எனில் ஸகாத் பெறும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலும் இருக்கும்.

இவற்றில் பாதி நமக்குச் சொந்தமானவை அல்ல. பிறர் நம்மை நம்பித் தந்த அமானிதங்கள். ஒரு விதவைத் தாய் தனது வறுமையை ஊருக்கு மறைத்து, பள்ளிவாசல் செயலாளரிடம் மாத்திரம் சொல்லியிருப்பார். அந்தத் தகவல் ஒரு கோப்பாக நமது கணினியில் இருக்கும்போது அதைக் காப்பதும் நமது கடமையாகி விடுகின்றது.

அலுமாரிச் சாவியை வழியில் செல்லும் ஒருவரிடம் நாம் கொடுக்க மாட்டோம். ஆனால், இணையத்தில் இருந்து இலவசமாக எதையோ தரவிறக்கும்போது, கணினியின் முழுச் சாவியையும் முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து விடுகின்றோம். அவர் வந்ததும் நமக்குத் தெரிவதில்லை, எடுத்துச் சென்றதும் தெரிவதில்லை. இதைச் செய்யும் மென்பொருளையே உளவு மென்பொருள், அதாவது 'ஸ்பைவெயார்' என்கின்றனர்.

உளவு மென்பொருள் என்றால் என்ன?

முன்னர் நாம் அறிந்திருந்த கணினி வைரஸ்கள் பெரும்பாலும் சத்தமிட்டுக்கொண்டே வந்தன. கோப்புகளை அழித்தன, திரையை நிறுத்தின. உளவு மென்பொருளின் இயல்பு நேர்மாறானது. கணினி வழமை போல் இயங்க வேண்டும், உரிமையாளர் சந்தேகப்படக் கூடாது என்பதே அதன் நோக்கம். அதில் பல வகைகள் உண்டு.

ஒன்று, விளம்பர உளவு. நீங்கள் எந்த இணையத்தளங்களுக்குச் செல்கின்றீர்கள், எதைத் தேடுகின்றீர்கள் என்பதைச் சேகரித்து விளம்பரங்களைக் கொட்டும். தொல்லை அதிகம், ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு.

இரண்டு, 'கீலொகர்'. விசைப்பலகையில் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்து அனுப்பும். கடவுச்சொல்லும் அதில் அடங்கும்.

மூன்று, தகவல் திருடி. இன்று மிகவும் பரவியிருப்பது இதுதான். பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்கள், வங்கி அட்டை இலக்கங்கள், நீங்கள் உள்நுழைந்திருக்கும் கணக்குகளின் அடையாளக் கோப்புகள் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். சில வேளை தன்னைத் தானே அழித்துக்கொண்டும் போய்விடும்.

நான்கு, தூரத்தில் இருந்து கணினியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள். கெமராவை இயக்கவும், மைக்கில் ஒட்டுக் கேட்கவும், கோப்புகளை எடுக்கவும் இதனால் முடியும்.

ஐந்து, கணவன் மனைவியையோ, ஒருவர் தனது உறவினரையோ இரகசியமாகக் கண்காணிக்கப் பதிந்து விடும் மென்பொருள். இது பற்றிப் பின்னர் பார்ப்போம்.

இதில் மாட்டிக்கொள்வது கவனமற்றவர்கள் மாத்திரம்தான் என்று எண்ண வேண்டாம். 2005 ஆம் ஆண்டில் 'சொனி பிஎம்ஜி' என்ற பிரபல இசை நிறுவனம், தான் விற்ற இசைத் தட்டுகளிலேயே, வாடிக்கையாளரின் கணினியில் தன்னை மறைத்துக்கொண்டு பதியும் ஒரு மென்பொருளை வைத்திருந்தமை அம்பலமானது. காசு கொடுத்து அசல் இசைத் தட்டை வாங்கியவர்களே அதில் பாதிக்கப்பட்டனர். அண்மைய உதாரணம் 'லும்மா' என்ற தகவல் திருடி. 2025 மார்ச் நடுப்பகுதி தொடக்கம் மே நடுப்பகுதி வரையிலான இரண்டு மாதங்களில் மாத்திரம் உலகெங்கும் 394,000 இற்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிவித்தது. இவ்வாறான மென்பொருட்கள் மாத வாடகைக்கு விற்கப்படுகின்றன. கணினி அறிவு அதிகம் இல்லாத ஒருவரும் காசு கொடுத்து அதை வாங்கிப் பயன்படுத்தலாம்.

எந்த வழியாக உள்ளே வருகின்றது?

உளவு மென்பொருள் பெரும்பாலும் பூட்டை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நாமே கதவைத் திறந்து விடுகின்றோம். நமது சூழலில் அது வரும் பிரதான வழிகள் இவை.

முதலாவது, 'க்ரக்' செய்யப்பட்ட மென்பொருட்கள். போட்டோஷொப், வீடியோ எடிட்டிங் மென்பொருள், மைக்ரோசொப்ட் ஒபீஸ், கணினி விளையாட்டுகள் போன்றவற்றை இலவசமாகப் பெறவும், விண்டோஸை 'எக்டிவேட்' செய்யவும் தரப்படும் சிறு கோப்புகளே உளவு மென்பொருளின் முக்கிய வாகனம். இவற்றைப் பதியும்போது, 'முதலில் உங்கள் அன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்' என்று ஓர் அறிவுறுத்தல் தவறாமல் இருக்கும். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலைத் திறந்து வையுங்கள் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, போலித் தரவிறக்கப் பக்கங்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பாமினி எழுத்துரு, பீ.டி.எப். மாற்றி, கடந்த கால வினாத்தாள் என நாம் அடிக்கடி தேடும் எதற்கும் போலிப் பக்கங்கள் உருவாகலாம். தேடல் முடிவுகளில் முதலாவதாக வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். பக்கத்தில் 'டவுன்லோட்' என்று நான்கு பொத்தான்கள் இருந்தால் அவற்றில் மூன்று வேறெங்கோ கொண்டு செல்பவை. எழுத்துரு ஒன்றைத் தேடிச் சென்ற உங்களிடம் ஒரு நிரலைப் பதியச் சொன்னால் அங்கிருந்து வெளியேறி விடுங்கள்.

மூன்றாவது, 'நான் ரோபோ அல்ல' என்ற தந்திரம். இது அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவியது. ஓர் இணையப் பக்கம், நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிப்படுத்த விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்துமாறும், பின்னர் 'கன்ட்ரோல்', 'வீ' விசைகளையும் இறுதியில் 'என்டர்' விசையையும் அழுத்துமாறும் கேட்கும். அந்தப் பக்கம் ஏற்கனவே ஒரு கட்டளையை உங்கள் கணினியின் நினைவகத்தில் நகலெடுத்து வைத்திருக்கும். நீங்கள் அழுத்தும் விசைகள் அதை இயக்கிவிடும். உண்மையான எந்தச் சரிபார்ப்பும் இவ்வாறு கேட்காது. இந்த ஒரு விடயத்தையாவது வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது, மின்னஞ்சல் மற்றும் வட்ஸ்அப் இணைப்புகள். வேலைவாய்ப்புக் கடிதம், பொதி வந்திருப்பதான அறிவித்தல், வங்கிப் பற்றுச்சீட்டு என்ற பெயர்களில் கோப்புகள் வரும். விண்டோஸ் வழமையாகக் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து விடும். அதனால் பார்வைக்குப் பீ.டி.எப். போன்று தெரிவது, உண்மையில் 'ஈ.எக்ஸ்.ஈ.' என்று முடியும் நிரலாக இருக்கலாம். கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் 'வியூ' என்பதன் கீழ் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரிவு செய்தால் முழுப் பெயரும் தெரியும். கடவுச்சொல் இட்டுத் திறக்க வேண்டிய 'சிப்' கோப்பு முன்பின் அறியாதவரிடம் இருந்து வந்தால் திறக்கவே வேண்டாம். அன்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது பூட்டப்பட்டிருக்கலாம்.

ஐந்தாவது, பென் டிரைவ். கொமியுனிகேஷன் கடையில் பிரதி எடுக்கக் கொடுத்த பென் டிரைவைத் திரும்பக் கொண்டு வந்து பார்த்தால் போல்டர்கள் எல்லாம் 'சோர்ட்கட்' ஆக மாறியிருக்கும். இது நமது மாணவர்களும் ஆசிரியர்களும் நன்கு அறிந்த காட்சி. அந்தச் சோர்ட்கட்டை இருமுறை சொடுக்கும் கணத்திலேயே தீய நிரல் நமது கணினிக்குள் இறங்கிவிடும். அச்செடுக்க வேண்டிய கோப்பை மாத்திரம் வேறொரு பென் டிரைவில் கொண்டு செல்வதும், திரும்பியதும் அதைத் திறக்க முன்னர் ஸ்கான் செய்வதும் நல்லது.

ஆறாவது, பிரவுசர் நீட்சிகள். வீடியோ தரவிறக்க, மொழிபெயர்க்க, விலைக்கழிவு தேட என நாம் சேர்க்கும் 'எக்ஸ்டென்ஷன்' சிலவற்றுக்கு, நாம் செல்லும் எல்லாப் பக்கங்களையும் வாசிக்கும் அனுமதி வழங்கப்படுகின்றது. அவ்வாறெனில் வங்கிப் பக்கமும் அதில் அடங்கும்.

ஏழாவது, தொலைபேசி அழைப்பு அல்லது எச்சரிக்கைத் திரை. 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடன் இந்த இலக்கத்தை அழையுங்கள்' என்று சத்தத்துடன் ஒரு திரை தோன்றும். அழைத்தால், தூரத்தில் இருந்து பார்க்க உதவும் மென்பொருளைப் பதியச் சொல்வார்கள். மைக்ரோசொப்ட் தனது எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கத்தைக் காட்டி அழைக்கச் சொல்வதில்லை.

அறிகுறிகள் எவை?

பிரவுசரின் முதற் பக்கமோ தேடு பொறியோ நீங்கள் மாற்றாமலேயே மாறியிருத்தல், திரையின் மூலையில் விளம்பர அறிவித்தல்கள் ஓயாமல் வருதல், நீங்கள் பதியாத நிரல் பட்டியலில் இருத்தல், அன்டிவைரஸ் தானாக நின்று போயிருத்தல், ஒன்றும் செய்யாதிருக்கையில் விசிறி வேகமாகச் சுழல்தல், கெமராவின் விளக்கு காரணமின்றி எரிதல், வீட்டுக் கணினியின் பிரவுசரில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகின்றது' என்ற வாசகம் காணப்படுதல் ஆகியன சந்தேகத்துக்குரியவை. அதேபோல், நீங்கள் அனுப்பாத செய்தி உங்கள் பெயரில் சென்றிருந்தாலும், அறியாத இடத்தில் இருந்து கணக்கில் உள்நுழைந்ததாக மின்னஞ்சல் வந்தாலும் உடனே விழிப்படைய வேண்டும்.

இங்கே இரண்டு விடயங்களை மனதில் கொள்ள வேண்டும். கணினி மெதுவாக இயங்குவது மாத்திரம் உளவு மென்பொருளுக்கு அடையாளம் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க், போதாத ரேம், நிரம்பிப்போன சேமிப்பிடம் ஆகியவையே பெரும்பாலும் காரணம். மறுபுறம், அறிகுறி எதுவும் இல்லை என்பதால் கணினி சுத்தமாக உள்ளது என்றும் கொள்ள முடியாது. தகவல் திருடிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் வேலையை முடித்துச் செல்பவை. எனவே, சந்தேகத்துக்குரிய க்ரக் ஒன்றை இயக்கியது நினைவில் இருந்தால், அதுவே போதுமான அறிகுறி.

அகற்றுவது எப்படி?

கீழுள்ள படிமுறைகள் விண்டோஸ் கணினிக்கானவை. பெயர்கள் பதிப்புக்கு ஏற்பச் சிறிது வேறுபடலாம். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. இணையத்தைத் துண்டியுங்கள். வை-பையை நிறுத்துங்கள், கேபிளைக் கழற்றுங்கள். தகவல் வெளியேறுவது அத்துடன் நிற்கும்.

2. மிக முக்கியமான ஆவணங்களையும் படங்களையும் மாத்திரம் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள். நிரல்களைப் பிரதி எடுக்க வேண்டாம். பின்னர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

3. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'எப்ஸ்' என்பதைத் திறந்து, பதியப்பட்ட நிரல்களைத் திகதி வாரியாக ஒழுங்குபடுத்துங்கள். பிரச்சினை தொடங்கிய நாளில் வந்தவற்றையும், அடையாளம் தெரியாதவற்றையும் பாருங்கள். பெயர் புரியாவிட்டால், கையடக்கத் தொலைபேசியில் தேடிப் பார்த்த பின்னரே நீக்குங்கள். ஒலி, திரை போன்றவற்றுக்கான அவசிய நிரல்களும் அங்கே இருக்கும்.

4. 'கன்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மெனேஜர்' திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கணினியுடன் தானாக ஆரம்பிக்கும் நிரல்கள் தெரியும். சந்தேகத்துக்குரியவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள்.

5. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்பதைத் திறவுங்கள். விண்டோஸுடன் இலவசமாக வரும் 'டிபென்டர்' அங்கேதான் உள்ளது. முதலில் அதன் அமைப்புகளில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலைப் பாருங்கள். அன்டிவைரஸ் தொடக் கூடாத இடங்களின் பட்டியல் அது. பல க்ரக் நிரல்கள் தமது போல்டரை இரகசியமாக இப்பட்டியலில் சேர்த்து விடுகின்றன. நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கிருந்தால் நீக்கிவிடுங்கள். இப்படிமுறையைத் தவிர்த்தால் எத்தனை முறை ஸ்கான் செய்தும் பயனில்லை.

6. இணையத்தைச் சிறிது நேரம் இணைத்து டிபென்டரைப் புதுப்பியுங்கள். பின்னர் 'ஸ்கான் ஒப்ஷன்ஸ்' என்பதில் 'புல் ஸ்கான்' செய்யுங்கள். சில மணித்தியாலங்கள் ஆகலாம். அது முடிந்ததும் 'ஒப்லைன் ஸ்கான்' செய்யுங்கள். கணினி மீள ஆரம்பித்து, விண்டோஸ் முழுமையாக இயங்க முன்னரே சோதிக்கும். மறைந்திருக்கும் நிரல்கள் தம்மைக் காத்துக்கொள்ள அங்கே வாய்ப்புக் குறைவு.

7. இரண்டாவது அபிப்பிராயமாக 'மெல்வெயார்பைட்ஸ்' நிறுவனத்தின் இலவசப் பதிப்பையும், விளம்பரத் தொல்லைகளுக்கு அதே நிறுவனத்தின் 'எட்வ்கிளீனர்' கருவியையும் பயன்படுத்தலாம். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மாத்திரம் எடுங்கள். இவற்றுக்கும் போலிகள் உண்டு.

8. பிரவுசரில் உள்ள நீட்சிகளைப் பாருங்கள். தேவையற்றவற்றை நீக்குங்கள். அறிவித்தல் அனுப்ப அனுமதி பெற்றுள்ள இணையத்தளங்களையும் நீக்குங்கள். மூலையில் வரும் விளம்பரங்களுக்குப் பல வேளைகளில் இந்த அனுமதியே காரணமாக இருக்கும். இறுதியாக பிரவுசரை 'ரீசெட்' செய்யுங்கள்.

9. இவ்வளவுக்குப் பின்னரும் சந்தேகம் தீரவில்லை எனில், அல்லது தகவல் திருடியோ தூரக் கட்டுப்பாட்டு நிரலோ ஸ்கானில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், விண்டோஸை முழுமையாக அழித்துப் புதிதாகப் பதிவதே பாதுகாப்பானது.

கணினிக் கடையில் இதைச் செய்யக் கொடுப்போருக்கு ஒரு வார்த்தை. அசல் விண்டோஸுடன் வாங்கிய மடிக்கணினி எனில், அதன் உரிமக் குறியீடு பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மீளப் பதிந்து இணையத்துடன் இணைத்ததும் அது தானாகவே எக்டிவேட் ஆகும். எனவே 'எக்டிவேட்டர் எதையும் போட வேண்டாம், க்ரக் செய்யப்பட்ட மென்பொருள் எதுவும் வேண்டாம்' என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சுத்தம் செய்யக் கொடுத்த கணினி மீண்டும் அழுக்காகித் திரும்பி வருவது இவ்விடத்தில்தான்.

அகற்றிய பின்னர் செய்ய வேண்டியவை

பலர் ஸ்கான் முடிந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கின்றனர். திருடனை வெளியேற்றிவிட்டோம், ஆனால் அவன் கொண்டு சென்ற சாவிகள் இன்னும் அவனிடமே உள்ளன.

எனவே, பாதிக்கப்படாத வேறொரு கணினியில் அல்லது தொலைபேசியில் இருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பின்னர் முகநூல் மற்றும் ஏனையவை. மின்னஞ்சல் முதலில் வருவதற்குக் காரணம், ஏனைய எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதனூடாக மீட்டெடுக்க முடியும் என்பதே.

கடவுச்சொல்லை மாற்றுவது மாத்திரம் போதாது. ஒருமுறை டிக்கெட்டைக் காட்டி உள்ளே சென்றவரின் கையில் முத்திரை குத்தி விட்டால், அவர் மீண்டும் வரும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள். அதேபோல், நாம் ஒருமுறை உள்நுழைந்ததும் இணையத்தளம் பிரவுசரிடம் ஓர் அடையாளக் கோப்பைக் கொடுக்கின்றது. தகவல் திருடி அந்த முத்திரையையும் நகலெடுத்துச் செல்கின்றது. ஓ.டி.பி. இலக்கம் இன்றியே கணக்குகள் பறிபோவது இவ்வாறுதான். ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறு' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பார்த்து, அறியாதவற்றை நீக்குங்கள். அதன் பின்னர் இரு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். வங்கி அட்டை விபரங்கள் கணினியில் இருந்திருந்தால் வங்கிக்கு அறிவித்து அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் காசு கேட்டுச் செய்திகள் சென்றிருந்தால் வெட்கப்படாமல் உறவினர்களுக்கும் குழுமங்களுக்கும் உடனே அறிவியுங்கள். ஒரு மணித்தியாலத் தாமதத்தில் யாரோ ஒருவர் பணம் அனுப்பி விடலாம். பணத்தை விடப் பாரதூரமானதும் நடக்கலாம். முகநூல் பதிவுகளுக்காகக் கைது செய்யப்பட்ட சம்பவங்கள் நமது சமூகத்துக்குப் புதியவை அல்ல. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இன்று உள்ளது. நமது கணக்கு வேறொருவர் கையில் இருக்கையில் அதில் இருந்து என்ன எழுதப்படும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கணக்குப் பறிபோனதை உடனே முறையிட்டு ஒரு பதிவை வைத்திருப்பது பின்னர் நமக்கே பாதுகாப்பு.

வருமுன் காப்போம்

விண்டோஸையும் பிரவுசரையும் இற்றைப்படுத்துவதை நிறுத்தி வைக்க வேண்டாம். விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்து விட்டது. இயலுமானவர்கள் விண்டோஸ் 11 இற்கு மாற வேண்டும். கணினி பழையது எனில் 'லினக்ஸ்' போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் பற்றி யோசிக்கலாம்.

பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியில் அவர்களுக்கு 'ஸ்டான்டர்ட்' வகைப் பயனர் கணக்கைத் தனியாக உருவாக்கிக் கொடுங்கள். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் பெற்றோரிடம் இருக்கட்டும். பல நிரல்களைப் பதிய அந்தக் கடவுச்சொல் தேவைப்படும் என்பதால் ஒருமுறை யோசிக்க அவகாசம் கிடைக்கும். எல்லாவற்றையும் இது தடுக்காது, எனினும் பாதிப்பைக் குறைக்கும்.

பள்ளிவாசல், மத்ரஸா, பாடசாலை, சங்கம் ஆகியவற்றின் பட்டியல்களைக் கடவுச்சொல் இட்ட கோப்பாக, அலுவலகக் கணினியில் மாத்திரம் வைத்திருங்கள். அக்கணினியில் விளையாட்டும் வேண்டாம், படமும் வேண்டாம்.

க்ரக் மென்பொருளுக்கு மாற்று இல்லை என்று சொல்ல முடியாது. கடிதமும் கணக்கும் எழுத 'லிப்ரே ஒபீஸ்', படங்களைத் திருத்த 'கிம்ப்', வீடியோ எடிட்டிங்கிற்கு 'டாவின்சி ரிசோல்வ்' இலவசப் பதிப்பு, பிரவுசரிலேயே பயன்படுத்த 'கூகுள் டொக்ஸ்' என நேர்மையான வழிகள் உள்ளன. இது மார்க்கத்துடனும் தொடர்புடைய விடயம். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் நடைபெற்ற தனது ஐந்தாவது அமர்வில், நூலாக்கம், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஆவில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. நோன்பு காலப் போஸ்டரை க்ரக் மென்பொருளில் வடிவமைக்கும் நமது இளைஞர்கள் இதையும் சிந்திக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் ஒற்றன்

உளவு மென்பொருளைப் பதிபவர் எப்போதும் தூர தேசத்தில் இருக்கும் திருடன் அல்ல. சில வேளை அவர் அதே வீட்டில் இருப்பார். மனைவியின் கணினியில் கணவனும், தங்கையின் கணினியில் அண்ணனும், மருமகளின் தொலைபேசியில் வேறொருவரும் இரகசியக் கண்காணிப்பு நிரல்களைப் பதிய முடியும். 'சந்தேகம் வந்ததால் பார்த்தேன்' என்பதே வழமையான நியாயம்.

சூரத்துல் ஹுஜுராத்தின் 12 ஆவது வசனம் சந்தேகங்களைத் தவிர்க்குமாறு கூறி, அதைத் தொடர்ந்தே பிறரை உளவு பார்ப்பதைத் தடை செய்கின்றது. சந்தேகம் உளவுக்கு இட்டுச் செல்லும் என்பதை அந்த ஒழுங்கே நமக்குக் கற்பிக்கின்றது. பிறர் வீட்டினுள் அனுமதியின்றி எட்டிப் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள். இன்று ஒருவரின் கணினித் திரையும் அவரது வீட்டின் ஜன்னல் போன்றதே.

பிள்ளைகளைக் கண்காணிப்பது பெற்றோரின் பொறுப்பு அல்லவா என்று கேட்கலாம். நிச்சயமாகப் பொறுப்புத்தான். ஆனால், பிள்ளைக்குத் தெரிய, நேர எல்லையும் தடுக்கப்பட்ட தளங்களும் இவை என்று சொல்லி, மைக்ரோசொப்ட் வழங்கும் 'பெமிலி சேப்டி' போன்ற வசதியைப் பயன்படுத்துவது வேறு. பிள்ளையின் ஒவ்வோர் எழுத்தையும் திருட்டுத்தனமாக வாசிப்பது வேறு. முன்னையது தர்பியா, பின்னையது பிள்ளையின் நம்பிக்கையை உடைப்பது. அத்துடன் அந்த இரகசிய நிரல் சேகரிக்கும் பிள்ளையின் படங்களும் செய்திகளும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில் போய்ச் சேரலாம் என்பதையும் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

தனது துணையால் கண்காணிக்கப்படுவதாகச் சந்தேகிக்கும் ஒரு சகோதரி, நிரலை அவசரமாக நீக்க முன்னர் யோசிக்க வேண்டும். நீக்கியதும் மறுபுறம் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும். ஆபத்து உண்டு எனில், முதலில் வேறொரு சாதனத்தில் இருந்து நம்பிக்கையான ஒருவருடன் பேசி, சான்றுகளைப் படமெடுத்து வைத்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

எங்கே முறையிடலாம்?

ஒருவரின் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றமாகும். ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. குற்றவாளி குடும்பத்தவர் என்பதால் அது குற்றமில்லை என்றாகி விடாது. தொழில்நுட்ப ஆலோசனைக்கு இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பணமோசடி, மிரட்டல், படங்களை வெளியிடுவதாக அச்சுறுத்தல் எனில் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். மிரட்டுபவருக்குப் பணம் கொடுப்பதால் மிரட்டல் நிற்பதில்லை. பெரும்பாலும் தொகைதான் கூடுகின்றது.

இந்த வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வீட்டுக் கணினியின் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள், ஒப்லைன் ஸ்கான் ஒன்றைச் செய்யுங்கள், பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு உருவாக்குங்கள். பள்ளிவாசல் கணினியையும் யாராவது ஓர் இளைஞர் பொறுப்பெடுத்துப் பார்க்கட்டும். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக.